முட்டைக்கோழிப் பண்ணை தொடங்குகிறீர்களா? குஞ்சுக்கு முன்னால் குப்பைக்கு வழி பாருங்கள்

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் பக்கத்தில் 12,000 முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். தொடங்கும்போது கொட்டகை, கூண்டு, தீவனம், வங்கிக் கடன் என்று எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். கீழே விழுகிற எச்சத்துக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. “அது தானா வித்துப்போயிருமுங்க, கேரளாக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிருவான்” என்று நாலு பேர் சொன்னதை நம்பிவிட்டேன்.

முதல் ஐப்பசி மழையில் கூண்டுக்கு அடியில் இருந்தது குழம்பாகிவிட்டது. பத்தே நாளில் ஈ. ஊரிலிருந்து ஒரு ஆத்தா நேரே பண்ணைக்கே வந்துவிட்டார். “ஏங்கண்ணு, உன்ற முட்டை லாரியேறி ஊரூராப் போவுது, ஈ மட்டும் எங்கூட்டுக்கு வருது” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் ஒன்றரை வருடம் படாத பாடு பட்டு ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். செலவுக் கணக்குகள் என் பண்ணையில் ஆனவை, ஊருக்கு ஊர் மாறும்.

1. முதலில் எவ்வளவு விழும் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவுக்குத் தீவனம் தின்கிறது. ஏறத்தாழ அதே எடைக்கு ஈர எச்சம் போடுகிறது. அதில் முக்கால் பங்கு தண்ணீர். 10,000 கோழி என்றால் தினமும் 1.1 டன். அது கால் பங்கு ஈரம் மட்டும் நிற்கும் அளவுக்குக் காய்ந்தால் 370 கிலோ சொச்சம். மட்கிக் குறைவது போக வருடத்துக்கு 100 டன்னுக்கு மேல் நிற்கும்.

இனி சத்துக் கணக்கு. தீவனத்தில் 17 சதவீதம் புரதம் என்றால் 110 கிராமில் 3 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்). முட்டையோடு வெளியே போவது 1 கிராம்தான். மீதி 2 கிராம் கீழே விழுகிறது. 10,000 கோழிக்கு 20 கிலோ. யூரியாவாக மாற்றிப் பார்த்தால் தினமும் கிட்டத்தட்ட ஒரு 45 கிலோ மூட்டை. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது கணக்கில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். தப்பில்லை.

ஆனால் அந்த மூட்டை முழுசாகக் கைக்கு வராது. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேலே வெள்ளையாகத் தெரிவதுதான் யூரிக் அமிலம், தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கிக் காற்றில் விட்டுவிடும். சீக்கிரம் காய்ந்தால் அப்படியே நிற்கும். ஈரமாகவே கிடந்தால் பாதி வரை போய்விடும். கொட்டகைக்குள் மூக்கில் ஏறுகிற நெடி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சோயாப் புண்ணாக்குதான்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) இப்படிப் பறக்காது. விழுந்தது முழுக்க எருவிலேயே தங்கும். இந்த வித்தியாசம் 9ஆம் படியில் உங்களுக்குத் தேவைப்படும்.

2. இடம், காற்று, தரைமட்டம்

கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். குப்பைக்காக நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஆடிக் காற்று நமக்கு மேற்கிலிருந்து வருகிறது. பண்ணைக்கு நேர் கிழக்கே, பக்கத்தில் ஊர் இருந்தால் வருடத்தில் நாலு மாதம் உங்கள் நெடி அவர்கள் வீட்டில்தான். இடம் வாங்கும் முன் ஆனி, ஆடியில் ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள்.

அடுத்தது தரைமட்டம். கூண்டுக்கு அடியிலுள்ள தரை சுற்றுப்புற நிலத்தைவிட ஒரு அடி முதல் ஒன்றரை அடி உயரமாக இருக்கட்டும். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரை வெளியே திருப்ப வேண்டும். கூரை, பக்கவாட்டில் மூன்று நாலு அடியாவது நீண்டிருந்தால்தான் சாரல் குப்பையில் அடிக்காது. நான் காட்டின் (எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம்) தாழ்வான மூலையில் தரையைத் தூக்காமல் கட்டினேன். பிறகு மண் கொட்டி உயர்த்தவும், வாய்க்கால் வெட்டவும், தகரம் நீட்டவும் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் போனது. கட்டும்போதே செய்திருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

3. எந்தக் கொட்டகைக்கு எந்தக் குப்பை

இங்கேதான் புதிதாக வருபவர்கள் ரொம்பக் குழம்புகிறார்கள். கோழி ஒன்றுதான். ஆனால் கொட்டகைக்குக் கொட்டகை குப்பையின் குணம் வேறு, வேலையும் வேறு.

*உயர்மட்டக் கூண்டு.* நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் நீங்கள் அதிகம் பார்ப்பது இதுதான். தூண் மேல் ஆறேழு அடி உயரத்தில் கூண்டு வரிசை, பக்கவாட்டில் திறப்பு, எச்சம் நேராகக் கீழே விழும். காற்று நன்றாகப் புகுந்தால் வரிசைக்கு அடியில் கூம்பு கூம்பாக எழும்பும். அந்தக் கூம்பைக் கலைக்காதீர்கள். வெளிப்பக்கம் காய்ந்துகொண்டே மேலே வளர்வது நல்ல அடையாளம். கூம்பு சரிந்து தட்டையாகிறதென்றால் மேலே எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது.

இதில் பெரிய பொறி மொத்தத்தையும் ஒரே நாளில் வழித்து அள்ளுவது. தரை பளிச்சென்று தெரியும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் பழைய குப்பையில்தான் ஈமுட்டையையும் புழுவையும் தின்னும் வண்டுகளும் சிலந்திப்பேன்களும் குடியிருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அள்ளிவிட்டால் வெறுந்தரையில் விழும் புது எச்சம் காயவும் காயாது, அடுத்த இரண்டு வாரத்தில் ஈ கிளம்பும். அரை அடி காய்ந்த குப்பையை மெத்தை மாதிரி விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் அள்ளுங்கள். அதையும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, மூன்று நாலு வாரம் இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

*தரையோட்டிய கூண்டு.* இரண்டரை, மூன்று அடி உயரத்தில் கூண்டு வைத்த பழைய கொட்டகைகள் வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும். காற்று அடியில் போகாது, குப்பை காயவே காயாது, வாரத்துக்கு ஒருமுறையாவது அள்ளியாக வேண்டும். ஆள் கூலியைக் கணக்கில் சேர்த்தால் அந்த மலிவு வாடகை மலிவில்லை. நான் எடுக்க மாட்டேன்.

*ஆழ்கூளம்.* தரையில் கூளம் பரப்பி அதன்மேல் கோழியை விடுவது. குஞ்சு, வளர்பருவக் கோழிகளுக்குப் பலர் இதைத்தான் வைக்கிறார்கள். கூண்டில்லாமல் முட்டைக்கோழி வளர்ப்பவர்களுக்கும் இதுவே. உமி, கடலைத் தோல், மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு, எது அருகில் காய்ந்து கிடைக்கிறதோ அதைப் பரப்பலாம். நார்க்கழிவு ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் மில்லிலிருந்து வரும்போதே ஈரமாக வரும். வெயிலில் காயவைக்காமல் உள்ளே போடாதீர்கள்.

கூளத்தின் ஈரத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம் அதிகம். ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, அது கோழியின் மூச்சுக்குக் கெடுதி. பிடித்ததும் சேர்ந்து, விட்டதும் உதிர்ந்தால் சரி. வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கட்டி பிடித்ததை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரக் கூளத்தில் ரத்தக் கழிச்சல் வரும், குஞ்சுக் கொட்டகையில் அது பெரிய நஷ்டம். கட்டி பிடித்த இடத்தில் சுண்ணாம்பு தூவும் பழக்கம் இருக்கிறது. ஈரத்தை அது கொஞ்சம் வாங்கும், ஆனால் கூளத்தின் காரத்தன்மையை ஏற்றி அம்மோனியாவை இன்னும் கிளப்பும். நெடிதான் உங்கள் பிரச்சினை என்றால் சூப்பர் பாஸ்பேட் தூவுவது மேல், அது அம்மோனியாவைப் பிடித்து வைக்கும்.

*பெல்ட் வைத்த மூடிய கொட்டகை.* கூண்டு அடுக்குகளுக்கு இடையே பெல்ட் ஓடும், மின்விசிறியும் ஈரத் திரையும் இருக்கும். என் சித்தப்பா மகன் ராசிபுரம் பக்கத்தில் இதைப் போட்டிருக்கிறான். ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை பெல்ட்டை ஓட்டினால் எச்சம் கொட்டகையை விட்டே வெளியே வந்துவிடும். உள்ளே நெடி குறைவு, ஈ குறைவு, தழைச்சத்தும் அதிகம் மிஞ்சுகிறது. ஆனால் வெளியே வருவது முக்கால் பங்கு தண்ணீருள்ள பச்சை எச்சம். பெல்ட்டின் மேல் காற்று ஊதும் குழாய் வைத்திருந்தால் பாதி ஈரத்துக்கு வரும், இல்லாவிட்டால் அப்படியே கூழ். தினமும் டிராக்டர் டிப்பரில் அதை ஏற்றி எங்கே கொட்டப் போகிறீர்கள்? கம்பெனிக்காரர் கொடுக்கும் மதிப்பீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. சித்தப்பா மகன் கொட்டகை கட்டி முடித்து ஆறு மாதம் கழித்துத்தான் காயவைக்கும் களமும் மட்க வைக்கும் கூரையும் போட்டான். அதுவரைக்கும் பக்கத்துக் காட்டுக்காரரோடு தினமும் ஒரு பஞ்சாயத்து.

*மேய்ச்சல் கோழி.* வெளியே விட்டு வளர்த்தாலும் கொட்டகை வாசலைச் சுற்றியே கோழிகள் அதிகம் நிற்கும். அந்த ஒரு துண்டு நிலத்தில் சத்து ஏறிக்கொண்டே போகும், புல்லும் முளைக்காது. வாசலை அவ்வப்போது மாற்றுங்கள், அல்லது நகர்த்தும் கொட்டகை வையுங்கள்.

4. தண்ணீரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது

கோழி தண்ணீர் குடிக்கும் ஒரு நிப்பிளில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். ஒரு கோழியின் எச்சத்தில் இருக்கும் தண்ணீர் 80 மில்லி சொச்சம்தான். ஆக ஒழுகும் ஒரு நிப்பிள் 50 கோழிக்குச் சமமாகக் குப்பையை நனைக்கிறது. தினமும் காலையில் முட்டை எடுக்கும் முன் ஒருவர் கீழே டார்ச் அடித்துக்கொண்டு ஒரு நடை நடந்தால் போதும். ஈரமாகப் பளபளக்கும் இடத்துக்கு நேர் மேலே பாருங்கள், அந்த நிப்பிள்தான். நான் 50 உதிரி நிப்பிள் எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

நிப்பிள் எல்லாம் சரியாக இருந்தும் எச்சம் தண்ணீராகப் போனால் இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று போர் தண்ணீர். நம் பக்கத்து ஆழ்குழாய்களில் பலவற்றில் உப்பு அதிகம், கோடையில் இன்னும் ஏறும். வருடத்துக்கு இரண்டு முறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இன்னொன்று தீவனத்தில் சேரும் உப்பு. கருவாட்டுத்தூள் சேர்க்கிறீர்கள் என்றால் அதன் உப்பையும் கணக்கில் கழித்துத்தான் தனி உப்புப் போட வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவன ஆய்வகம் இருக்கிறது. ஒரு கிலோ மாதிரி கொண்டுபோனால் உப்பு, புரதம், கால்சியம் எல்லாம் பார்த்துச் சொல்வார்கள்.

தீவனத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். புரதம் கூடினால் முட்டை கூடும் என்று ஒரு சதவீதம் அதிகம் போட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த ஒரு சதவீதம் முட்டையாக மாறாவிட்டால், கீழே விழும் தழைச்சத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டும். கோழி அதை வெளியேற்ற அதிகம் தண்ணீரும் குடிக்கும். லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் சரியாக இருந்தால் மொத்தப் புரதத்தைக் கொஞ்சம் இறக்கலாம். பைட்டேஸ் நொதி சேர்த்தால் தானியத்தில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்து கோழிக்குக் கிடைக்கும், டைகால்சியம் பாஸ்பேட் செலவும் குறையும், எருவிலும் மணிச்சத்து குறையும். இதையெல்லாம் ஊட்டச்சத்து தெரிந்த கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். பக்கத்துப் பண்ணையின் தீவன அளவைப் பார்த்து எழுதிக்கொண்டு வராதீர்கள்.

5. ஈ

நம் வெயிலில் ஈமுட்டை ஈயாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஈமுட்டை பொரித்துப் புழு வளரக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம் வேண்டும். அதனால் ஈ மருந்து வாங்கும் முன் 4ஆம் படியை மறுபடி படியுங்கள்.

மருந்து தேவைப்பட்டால், பறக்கும் ஈக்கு அடிக்கும் மருந்தைக் குப்பை மேல் அடிக்காதீர்கள். புழுவைத் தின்னும் வண்டுகள்தான் முதலில் சாகும். புழு நிலையில் தடுக்கத் தீவனத்தில் கலக்கும் சைரோமசின் இருக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் வாரங்களுக்கு மட்டும் கொடுங்கள். வருடம் பூராவும் கொடுத்தால் ஈக்குப் பழகிவிடும்.

நான் செய்யும் ஒரு சின்ன வேலை: கொட்டகையில் ஐந்தாறு இடங்களில் வெள்ளை அட்டை தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை அதில் ஈ போட்ட புள்ளிகளை எண்ணி அட்டையை மாற்றுகிறேன். ஓர் அட்டையில் 50 தாண்டினால் எங்கோ ஈரம் என்று தேடக் கிளம்பிவிடுவேன். ஊரிலிருந்து புகார் வரும்போது இந்த அட்டைகளை எடுத்துக் காட்டலாம். தேதி போட்டு வையுங்கள்.

6. காகிதங்கள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் கோழிப்பண்ணைகளுக்கான வழிகாட்டுதலைத் திருத்தி வெளியிட்டது. 5,000 கோழிக்கு மேல் 25,000 வரை சிறு பண்ணை, 1,00,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. 5,000க்கு மேல் போகிறீர்கள் என்றால் தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 இரண்டின் கீழும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை உங்களுக்கும் வேண்டும் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கட்டும் முன் வாங்குவது நிறுவுவதற்கான இசைவாணை, கோழி இறக்கும் முன் வாங்குவது இயக்குவதற்கானது. ஊர், நீர்நிலை, சாலை ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய தூரங்கள் அந்த வழிகாட்டுதலில் இருக்கின்றன. இவை திருத்தப்படுவதுண்டு. அதனால் யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை வைத்து அஸ்திவாரம் தோண்டாதீர்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, நடப்பில் உள்ளதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் இணையத்தில்தான். என்னிடம் இருந்திருந்தால் முதல் தடவையே முடிந்திருக்கும் என்று பின்னால் தெரிந்த காகிதங்கள்: பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், கொட்டகை அமைப்பு வரைபடம், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடம், மொத்த முதலீட்டுக்கு ஆடிட்டர் சான்று (கட்டணம் இதை வைத்துத்தான்), தண்ணீர் எங்கிருந்து என்ற விவரம், செத்த கோழிக்கு என்ன ஏற்பாடு, கடைசியாக எரு மேலாண்மைத் திட்டம்.

இந்தக் கடைசிக் காகிதத்தில்தான் என் விண்ணப்பம் திரும்பி வந்தது. “எரு விவசாயிகளுக்கு விற்கப்படும்” என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். தினமும் எத்தனை கிலோ, எங்கே சேமிப்பீர்கள், தரை என்ன, கூரை உண்டா, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள், யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். 1ஆம் படியின் கணக்கை அப்படியே எழுதி, மூன்று விவசாயிகளிடம் வாங்கிக்கொள்கிறோம் என்று கடிதம் வாங்கி இணைத்தபிறகு வேலை நகர்ந்தது. நடுவில் ஒரு இடைத்தரகர் மொத்தத்தையும் முடித்துத் தருகிறேன் என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் போனையே எடுக்கவில்லை. நீங்களே செய்யலாம், கஷ்டமில்லை. எனக்கு ஆடிட்டர் சான்றுக்கு 3,000, வரைபடங்களுக்கு 8,000 ஆனது, வாரியத்தின் கட்டணம் தனி. தொடங்கி முடிய ஐந்து மாதம், அதில் மூன்று மாதம் என் தப்பால். ஆகவே குஞ்சுக்கு ஆர்டர் கொடுக்கும் தேதியிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கி எண்ணி இந்த வேலையைத் தொடங்குங்கள்.

7. எப்போது அள்ளுவது, எங்கே வைப்பது

மாசியிலிருந்து சித்திரை வரை குப்பை நன்றாகக் காய்ந்திருக்கும். விவசாயிக்கும் அப்போதுதான் தேவை. வைகாசியில் மஞ்சள் நடுபவர், ஆடிப்பட்டத்துக்குக் காடு தயார் செய்பவர் எல்லோரும் இந்த மாதங்களில்தான் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அள்ளவும் கூடாது, விற்கவும் முடியாது. லாரி காட்டுக்குள் இறங்காது.

ஆக நாலு மாதக் குப்பைக்கு மழை படாத இடம் வேண்டும். உயர்மட்டக் கூண்டென்றால் கூண்டுக்கு அடியே அந்த இடம். ஆனாலும் ஒழுகி நனைந்ததை எடுத்துப் போட ஒரு கூரை தேவை. பெல்ட் கொட்டகைக்கு முழு அளவும் வெளியில்தான் வேண்டும். 10,000 கோழிக்கு 120 நாள் என்றால் காய்ந்த கணக்கில் 44 டன். நாலு அடி உயரம் குவித்தால் 800 சதுர அடி, டிராக்டர் திரும்ப இடம் சேர்த்து 1,200. சிமெண்ட் தரை, மூன்று பக்கம் இடுப்புயரச் சுவர், தகரக் கூரை. நான் போட்ட 1,000 சதுர அடிக்கு இரண்டே முக்கால் லட்சம் ஆனது.

ஆறேழு அடி உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள். பாதி காய்ந்த குப்பை உள்ளே சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கலாம். கிணற்றுக்கோ போருக்கோ பக்கத்தில் குவிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் கோழி குடிக்கிறது.

செத்த கோழியைக் குப்பையில் எறியும் பழக்கம் சில பண்ணைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த எருவைப் போட்ட காட்டில் மாடு மேய்ந்தால் பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் தாக்கி, கால் மடங்கி விழுந்து சாகும். தனிக் குழி, சுண்ணாம்பு, மூடி.

8. அப்படியே விற்பதா, மட்க வைத்து விற்பதா

அப்படியே விற்றால் வேலை குறைவு, விலையும் குறைவு. விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். பேரம் எதன் மேல் என்று மட்டும் சொல்கிறேன். டன் கணக்கா, லோடு கணக்கா என்று முதலில் தெளிவாகப் பேசுங்கள். லோடு என்றால் ஏமாறுவது பெரும்பாலும் நீங்கள்தான். டன் என்றால் ஈரக் குப்பைக்கு வாங்குபவர் ஏமாறுவார், அடுத்த வருடம் வரமாட்டார். எடைமேடைச் சீட்டு, தேதி, வண்டி எண், எந்த ஊருக்கு, இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். ஏற்றுக்கூலி யார் தலையில் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எரு லாரி பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறது. நோயும் அதே சக்கரத்தில்தான் வரும். கொட்டகை வரைக்கும் லாரியை விடாதீர்கள். உங்கள் டிராக்டரில் கொண்டுவந்து வாசலில் மாற்றி ஏற்றுங்கள். சக்கரத்துக்குக் கிருமிநாசினி, மேலே தார்ப்பாய். தார்ப்பாய் இல்லாமல் போய் வழியெல்லாம் சிந்தினால் திட்டு உங்களுக்குத்தான் வரும், டிரைவருக்கு இல்லை.

மட்க வைப்பதென்றால் கோழி எருவில் தழைச்சத்து அதிகம், கரிச்சத்து (கார்பன்) குறைவு. கரிச்சத்துள்ள ஏதாவது சேர்க்காமல் குவித்தால் நெடிதான் மிஞ்சும். பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்களிலிருந்து நார்க்கழிவு, மோகனூர்ப் பக்கத்திலிருந்து கரும்புச் சோகை, எது கட்டுப்படியாகிறதோ அது. நான் எடையில் பாதிக்குப் பாதி நார்க்கழிவு சேர்க்கிறேன். நாலு அடி உயரம், ஆறேழு அடி அகலம், நீளம் உங்கள் விருப்பம். பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மூன்று நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். 55 பாகைக்கு மேல் சில நாள் நின்றால் களை விதையும் கிருமியும் அடங்கும். சூடு இறங்கும்போதெல்லாம் புரட்டுங்கள். எனக்கு 60 நாளிலிருந்து 75 நாள் ஆகிறது. முதல் குவியலை அவசரப்பட்டு 30 நாளில் மூட்டை கட்டினேன், கட்டிய சாக்கு சுட்டது.

ஒரு எச்சரிக்கை. அச்சடித்த பையில் பெயர் போட்டு இயற்கை உரம் என்று விற்க வேண்டுமானால், உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985இன் கீழ் தர அளவுகளும் வேளாண்மைத் துறை அனுமதியும் இருக்கின்றன. பை அச்சடிக்கும் முன் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் 5,000 பை அச்சடித்துவிட்டு அதில் இப்போது மாட்டுத்தீவனம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

9. சொந்தக் காட்டுக்குப் போடும்போது

நம்மிடம் குப்பை இருக்கிறதே என்று அள்ளி அடிப்பதுதான் பண்ணைக்காரர்களின் வழக்கமான தப்பு. நானும் செய்தேன். கோழி எருவில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 2.6 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 1.4 சதவீதம் என்பது வேளாண் கையேடுகளில் உள்ள பொதுவான அளவு. தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். தொழுவுரம் 10 டன் போட்ட பழக்கத்தில் கோழிக் குப்பையை 5 டன் அடித்தாலே 130 கிலோ மணிச்சத்து இறங்கிவிடுகிறது. மஞ்சளுக்கு ஏக்கருக்கு வேண்டியது 25 கிலோ அளவுதான், அது ஒரே டன்னில் நிறைந்துவிடும். தழைச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 10,000 கோழிக் குப்பைக்கு 60 ஏக்கர் போதும் போலத் தெரியும். மணிச்சத்தை வைத்துப் போட்டால் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிலம் வேண்டும்.

அதோடு முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லுமாகக் கால்சியம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். முட்டை ஓடாகப் போகாதது எருவில் இருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் காடுகளில் பலவற்றில் அடியில் சுண்ணாம்புக்கல், ஏற்கெனவே காரத்தன்மை. அதே காட்டில் வருடா வருடம் அடித்தால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும்.

ஏக்கருக்கு ஒன்றிலிருந்து இரண்டு டன், அதுவும் ஒரே காட்டுக்கு வருடா வருடம் வேண்டாம். நடவுக்கு மூன்று நாலு வாரம் முன்னால், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது போட்டு அன்றைக்கே உழுதுவிடுங்கள். மேலே கிடந்தால் தழைச்சத்து பறந்துவிடும். நடவுக்கு முந்தின நாள் பச்சைக் குப்பை போட்டால் முளை கருகும். கீரை, சின்ன வெங்காயம் மாதிரி மண்ணைத் தொடும் காய்களுக்கு மட்காத எரு என்றால் அறுவடைக்கு நாலு மாதம் முன்பே போட்டு முடித்துவிடுங்கள். மண் பரிசோதனைக்கு வேளாண்மைத் துறை ஆய்வகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாதிரி கொடுக்கலாம், கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. கார அமில நிலை, மணிச்சத்து, துத்தநாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நான் மாதிரி கொடுத்தது மூன்றாவது வருடம்தான், அதுவும் கிழங்குக் காட்டில் இளம் இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாக வெளுத்தபிறகு. மணிச்சத்து மிக அதிகம், கார அமில நிலை 8.4, துத்தநாகம் குறைவு என்று வந்தது. இரும்பு சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் கரைத்து இரண்டு தடவை தெளித்தேன். அந்தக் காட்டுக்கு இன்னும் மூன்று வருடத்துக்குக் குப்பை கிடையாது. இந்த மாசியில் அள்ளுவதில் இரண்டு லோடு அந்த ஆத்தாவின் மகன் தோட்டத்துக்குப் போகிறது. காய்ந்ததா என்று கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவேன் என்று ஆத்தா சொல்லியனுப்பியிருக்கிறார்.